வீட்டுக் கோழியோடு புதிய பெட்டையைச் சேர்ப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் தனியாக வளரும் கோழிக்கு ஒரு துணை கொண்டுவந்து விட்டால் அது மகிழ்ந்துபோகும் என்று நாம் நினைக்கிறோம். கோழி அப்படி நினைப்பதில்லை. தன் தீனியையும் தண்ணீரையும் உறங்கும் கட்டையையும் பங்குபோட யாரோ வந்திருக்கிறார்கள் என்பதுதான் அதற்குத் தெரியும். கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு முதல் நிமிடத்திலேயே பாயும். மடியில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளும் சாதுவான பெட்டைகூட இதற்கு விலக்கல்ல. மனிதரிடம் பழகும் குணம் வேறு, இன்னொரு கோழியிடம் காட்டும் முகம் வேறு.

இந்தச் சண்டையை முழுவதுமாகத் தவிர்க்க முடியாது. தவிர்த்தால் யார் மூத்தவர், யார் விலகி நிற்க வேண்டும் என்பது முடிவாகாமலேயே இழுத்துக்கொண்டு போகும். அது ரத்தம் சிந்தாமல் சீக்கிரம் முடியும்படி பார்த்துக்கொள்வதே நம் வேலை. தோற்கும் கோழிக்கு ஓட இடம் வேண்டும், ஒளிய மறைவு வேண்டும், ஓடியபின் கொத்தித் தின்ன வேறொரு தட்டு வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலான கோழிகள் தாங்களே தீர்த்துக்கொள்ளும். ஒன்று குறைந்தாலும் கேடுதான்.

கோழிகளுக்குள் நடப்பது என்ன?

நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லீஃப் ஷெல்டெரப்-எபே 1920களின் தொடக்கத்தில் ஒரு கருத்தை எழுதினார். கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு கோழிக்கும் ஒரு படிநிலை உண்டு. மேலே இருப்பது கீழே இருப்பதைக் கொத்தலாம், கீழே இருப்பது திருப்பிக் கொத்தாது. சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்து வந்தவர் அவர். கொத்தும் வரிசை என்று இன்று நாம் சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

இந்த வரிசை இரண்டிரண்டு கோழிகளுக்கு இடையே முடிவாகிறது. பத்துக் கோழி உள்ள கூட்டத்துக்குள் நுழையும் புதியது பத்துப் பேரோடும் தனித்தனியே கணக்குத் தீர்க்க வேண்டும். ஒரே ஒரு கோழி இருக்கும் வீட்டில் ஒரே ஒரு கணக்குதான். அதனால் சில வீடுகளில் அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அதே காரணத்தால் ஆபத்தும் உண்டு. பழைய கோழியின் கோபம் முழுவதும் ஒரே முதுகில் இறங்கும். பகிர்ந்துகொள்ள வேறு ஆள் இல்லை.

கோழிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது முக்கியமாகக் கண்ணால். தலை, கொண்டை, கழுத்து ஆகியவற்றின் தோற்றமே அடையாள அட்டை. சில வாரங்கள் பார்க்காமல் இருந்தால் பழகிய கோழியையே அந்நியமாக நடத்தும். இரண்டு கோழிகளும் ஒரே மாதிரி மணக்கட்டும் என்று கடுமையான தைலத்தை இறகில் தடவும் உத்தியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பார்வையை நம்பி முடிவெடுக்கும் பறவையிடம் அது பெரிதாக எடுபடாது. கண்ணும் மூக்கும் எரிவதுதான் மிச்சம்.

எந்தக் கோழியை, எத்தனை, எப்போது?

முடிந்தால் இரண்டாக வாங்குங்கள். ஏற்கெனவே ஒன்றோடொன்று பழகிய இரண்டு பெட்டைகளாக இருந்தால் இன்னும் நல்லது. விரட்டப்படும்போது அவை ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும். பழைய கோழியின் கவனமும் இரண்டாகப் பிரியும். நாளைக்கு ஒன்று இறந்துபோனாலும் மற்றது தனிமைப்பட்டு, இந்த வேலையை மறுபடி தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டிய நிலை வராது. இடம் ஒன்றுக்குத்தான் என்றால் ஒன்றே போதும். அப்போது கீழே வரும் படிகளில் எதையும் தாண்டிப்போகாமல் இருப்பது இன்னும் முக்கியம்.

உடல் அளவு நெருக்கமாக இருக்க வேண்டும். முழு வளர்ச்சி அடைந்த கனமான பெட்டையோடு குட்டை இனக் கோழியையோ இளங்குஞ்சையோ விட்டால் அது போட்டியாக இருக்காது, வதையாகிவிடும். விடைக்கோழி, அதாவது இளம் பெட்டை என்றால் குறைந்தது 12 வாரமாவது ஆகியிருக்கட்டும். 16 வாரம் என்றால் நிம்மதி. கண்ணை மறைக்கும் அளவுக்குக் கொண்டை இறகு அடர்ந்த இனங்கள் மேலிருந்து வரும் கொத்தைப் பார்க்காது. அவற்றைச் சண்டைக்கார இனங்களோடு சேர்க்காதீர்கள்.

வயது வேறுபாடு இருந்தால் தீனியில் ஒரு பொறி இருக்கிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். வளரும் கோழிக்கு வேண்டியது ஏறக்குறைய 1 சதவீதம்தான். முட்டையிடத் தொடங்காத விடைக்கோழி இந்தத் தீவனத்தை வாரக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் கெடும். இரண்டுக்கும் வளர்பருவத் தீவனத்தைப் பொதுவாக வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

காலமும் பார்க்க வேண்டும். பழைய கோழி அடையில் உட்கார்ந்திருக்கும்போதும், இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும்போதும், நோயிலிருந்து தேறி வரும்போதும் புதியதைக் கொண்டுவராதீர்கள். முளைக்கும் இறகின் தண்டில் ரத்தம் ஓடும். அதில் ஒரு கொத்து விழுந்தாலே ரத்தம் கசியும்.

முதல் படி: தனிமையில் வைத்தல்

பலரும் தாண்டிப்போகும் படி இது. தாண்டியதன் விலை சில சமயம் பழைய கோழியின் உயிர்.

புதிய கோழியைக் குறைந்தது 2 வாரம், முடிந்தால் 30 நாள், பழைய கோழியின் கண்ணிலும் காற்றிலும் படாத இடத்தில் வையுங்கள். 10 மீட்டர் தள்ளியிருந்தால் நல்லது. வீட்டின் மறுபக்கம், தனி அறை, கார் நிறுத்துமிடம் எதுவானாலும் சரி. இந்த நாள் கணக்கு நோய்கள் வெளிப்பட எடுத்துக்கொள்ளும் காலத்திலிருந்து வருகிறது. மூக்கொழுகி முகம் வீங்கும் கொரைசா ஓரிரு நாளில் தெரிந்துவிடும். வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தலைகாட்டும். சில சமயம் 15 நாள் வரை இழுக்கும். மூச்சுக்குழாயைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா 3 வாரம்வரை பதுங்கியிருக்கும். பயணக் களைப்பும் இடமாற்றமும் கோழியின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், உள்ளே ஒளிந்திருந்த நோய் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் வெளிவரும்.

தினமும் பழைய கோழிக்கு முதலில் தீனி வையுங்கள், புதியதற்குப் பிறகு. தனிப் பாத்திரம், தனிச் செருப்பு, நடுவே சோப்புப் போட்டுக் கை கழுவுதல். ஒரே செருப்போடு இரண்டு இடத்துக்கும் போய் வந்தால் தனிமைப்படுத்தல் என்பது பெயருக்குத்தான்.

முதல் நாளிலேயே கோழியைக் கையில் எடுத்துத் தலையிலிருந்து கால்வரை பாருங்கள். கண் தெளிவாக, நுரையின்றி இருக்க வேண்டும். மூக்குத் துளை உலர்ந்திருக்க வேண்டும். காதருகே வைத்துக் கேட்டால் மூச்சில் கரகரப்பு இருக்கக்கூடாது. நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். இருபுறமும் சதை இருக்க வேண்டும், கத்தி முனைபோல் துருத்தக்கூடாது. இறக்கைக்கு அடியிலும் எச்சத் துவாரத்தைச் சுற்றியும் இறகை விலக்கிப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் ஓடும் பேன்களும், இறகின் அடியில் வெள்ளைக் கொத்தாக ஒட்டிய ஈறுகளும் அங்குதான் தென்படும். பேன் மருந்து ஒருமுறை போட்டால் முட்டைகள் சாகாது. பொரிந்து வருவதைக் கொல்ல ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி போட வேண்டும். காலில் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் செதிலுக்குள் வாழும் நுண்பூச்சியின் வேலை அது. உள்ளங்காலில் கறுத்த பொருக்கு இருந்தால் சீழ்ப்புண்.

எச்சத்தைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். பழுப்பு நிறம், மேலே வெள்ளைத் தொப்பி என்றால் நலம். எட்டுப் பத்துக்கு ஒன்று கரும்பழுப்பாய், பசையாய், நாற்றமாய் வந்தால் பயப்பட வேண்டாம். குடல்வால் எச்சம் அப்படித்தான் இருக்கும். ரத்தம் கலந்தால் ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். பச்சையாய் நீராய்ப் போய், கோழி குன்றி உட்கார்ந்தால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். எச்சத்தில் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு போனால் குடற்புழுவும் ரத்தக்கழிச்சல் கிருமியும் இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு புழு மருந்து கொடுப்பதைவிட இது மேல். கோழிக்குப் போட்ட தடுப்பூசிகளின் விவரத்தை வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எத்தனை நாள் தனிமையில் வைத்தாலும் எல்லா நோயும் வெளிப்படாது. மைக்கோபிளாஸ்மாவோ நரம்பைத் தாக்கும் மாரெக் நோயோ வந்து பிழைத்த கோழி, பார்க்க நலமாக இருந்துகொண்டே வாழ்நாள் முழுவதும் கிருமியைப் பரப்பக்கூடும். ஆகவே எங்கிருந்து வாங்குகிறோம் என்பது தனிமைப்படுத்தலைவிட முக்கியம். பல ஊர்க் கோழிகள் ஒரே கூண்டில் அடைபடும் விற்பனை இடத்தைவிட, ஒரே கூட்டத்தை நெடுநாள் வைத்திருக்கும் வளர்ப்பவரிடம் நேரில் போய், மற்றக் கோழிகளையும் பார்த்து வாங்குவது பாதுகாப்பு.

இரண்டாம் படி: இடத்தைத் தயார் செய்தல்

தனிமைக் காலம் ஓடும்போதே கூட்டைத் தயார் செய்துவிடலாம். உறங்கும் கூட்டுக்குள் ஒரு கோழிக்கு 4 சதுர அடியும், உலவும் இடத்தில் 10 சதுர அடியும் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அது பழகிய கோழிகளுக்கு. பழகாத கோழிகளுக்கு எவ்வளவு கூடுதலாகக் கிடைத்தாலும் நல்லதே.

பரப்பைவிட அமைப்பு முக்கியம். வெறும் சதுரமான முற்றத்தில் விரட்டப்படும் கோழி கடைசியில் ஒரு மூலையில் மாட்டிக்கொள்ளும். அங்குதான் மண்டை கிழியும். மூலைகளில் சாய்த்து ஒரு பலகையோ, புதர்ச்செடித் தொட்டியோ, மரக்கட்டையோ வைத்து, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி செய்யுங்கள். ஒளிந்துகொள்ளப் பெட்டி வைத்தால் அதற்கு இரண்டு வாசல் இருக்கட்டும். ஒரு வாசல் உள்ள பெட்டி பொறியாகிவிடும். நடுவில் பார்வையை மறைக்கும் தடுப்பு ஒன்று இருந்தால் போதும். கண்ணில் படாத எதிரியைக் கோழி வெகுநேரம் தேடிக்கொண்டிருக்காது.

தீனித் தட்டும் தண்ணீர்ப் பாத்திரமும் இரண்டிரண்டு வேண்டும். அருகருகே வைத்தால் பயனில்லை. ஒரு தட்டில் நின்றுகொண்டு மற்றதையும் காவல் காக்கும் சாமர்த்தியம் கோழிக்கு உண்டு. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாத இடத்தில் வையுங்கள். உட்காரும் கட்டையில் ஒரு கோழிக்கு 20 முதல் 25 செ.மீ. இடம் தேவை. இரண்டு கட்டை வைத்தால் ஒரே உயரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் உயர்ந்த கட்டைக்கு ஒவ்வொரு மாலையும் போர் நடக்கும். அந்தக் கட்டையின் இடுக்குகளை இரவில் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். பகலில் மறைந்திருந்து இரவில் வந்து ரத்தம் குடிக்கும் சிவப்புச் செள்ளுப்பூச்சி உங்கள் கூட்டிலேயே இருந்தால், புதியதன் மேல் பழி போடுவதில் நியாயமில்லை.

மூன்றாம் படி: தட்டிக்கு அப்பால்

இனிதான் அறிமுகம். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கலாம், தொட முடியாது. உலவும் இடத்தின் குறுக்கே கம்பிவலைத் தட்டி அடித்துப் புதிய கோழியை ஒரு பக்கம் விடுங்கள். அரை அங்குலக் கண் உள்ள வலை என்றால் தலை நுழையாது, கொண்டையில் கொத்து விழாது. கோழிவலை எனப்படும் பெரிய கண் உள்ள மெல்லிய வலை இதற்குப் போதாது. தட்டி அடிக்க வசதியில்லாவிட்டால் பெரிய நாய்க்கூண்டு போதும். பகலில் சில மணி நேரம் பஞ்சாரத்தால் கவிழ்த்து வைப்பதும் உதவும். ஆனால் அதன் இடைவெளி வழியே கொத்த முடியும் என்பதால் கண் பார்வையில் இருக்க வேண்டும். புதிய கோழிக்குத் தன் பக்கத்திலேயே நிழல், தண்ணீர், உறங்க இடம் எல்லாம் இருக்கட்டும்.

முதல் நாள் பழைய கோழி தட்டியோரம் நடைபோடும், வலையைக் கொத்தும், உரக்கக் கேறும். நாட்கள் போகப்போக அது சலித்துவிடும். இந்தச் சலிப்புதான் நாம் எதிர்பார்ப்பது. தீனித் தட்டுகளை வலையின் இருபுறமும் மெல்ல மெல்ல நெருக்கி வையுங்கள். இரண்டும் வலையை நடுவில் வைத்துக்கொண்டு அருகருகே தின்னத் தொடங்கினால், ஒன்று புழுதிக்குளியல் போடும்போது மற்றது பொருட்படுத்தாமல் கிளறிக்கொண்டிருந்தால், அடுத்த படிக்குப் போகலாம். ஒரு வாரம் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். நாள்காட்டியைப் பார்க்காமல் கோழியைப் பாருங்கள்.

ஒற்றைக் கோழி வீடுகளுக்கு நான் மிகவும் நம்பும் உத்தி ஒன்று உண்டு: இடத்தை மாற்றுதல். மூன்று நான்கு நாள் கழித்துப் புதியதைப் பழைய கோழியின் பக்கத்திலும், பழையதைப் புதியதன் பக்கத்திலும் விடுங்கள். ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருங்கள். தன் எல்லை என்று காத்துக்கொள்ளப் பழைய கோழிக்கு எதுவும் மிச்சமிருக்காது. புதியதும் கூட்டின் மூலைமுடுக்குகளை, தண்ணீர் இருக்கும் இடத்தை, தப்பிக்கும் வழிகளைத் தெரிந்துகொள்ளும். வழி தெரிந்த கோழி விரட்டப்பட்டாலும் பதறாது.

நான்காம் படி: முதல் சந்திப்பு

உங்களுக்கு வேறு வேலை இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அடையும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாக, கூட்டுக்கு வெளியே, இரண்டுக்கும் அதிகம் சொந்தமில்லாத திறந்த இடத்தில் விடுங்கள். மாலையில் கோழிகளுக்குத் தீனிப்பையை நிரப்பிக்கொள்ளும் அவசரம்; சண்டைக்கு நேரம் குறைவு. இருட்டு வந்து இயல்பாகவே சந்திப்பை முடித்துவைக்கும்.

விடுவதற்கு முன் தானியத்தைப் பரவலாகத் தூவுங்கள்; ஒரே குவியலாகப் போட்டால் நீங்களே சண்டையை மூட்டிவிட்டதாகும். கீரைக் கட்டு ஒன்றைத் தொங்கவிட்டால் கவனம் அங்கே போகும். பிறகு சற்றுத் தள்ளி உட்கார்ந்துவிடுங்கள். கையில் ஒரு பெரிய அட்டையோ துடைப்பமோ இருக்கட்டும், தேவைப்பட்டால் நடுவே நீட்ட. கையை நடுவில் விடாதீர்கள்.

இப்போது எது இயல்பு, எது ஆபத்து என்று பிரித்தறிய வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் தலையை ஒரே உயரத்தில் நீட்டிக்கொண்டு முகத்துக்கு முகம் நிற்பது, கழுத்து இறகை விசிறியாய் விரிப்பது, ஒரு இறக்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சுற்றுவது, எகிறி நெஞ்சோடு நெஞ்சு மோதுவது, தலையில் ஒரு கொத்து, பத்து அடி துரத்தல் எல்லாம் இயல்பு. ஓரிரு இறகு பறக்கலாம். பார்க்கத்தான் பயங்கரம். ஒன்று தலையைத் தாழ்த்தி விலகிப்போனால் மேலே இருப்பது பெரும்பாலும் அதோடு விட்டுவிடும். அந்தக் கணத்தில் வரிசை முடிவாகிவிட்டது. நீங்கள் அதற்குள் ஓடிப்போய்ப் பிரித்தால், நாளை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

விலகிய பிறகும் விடாமல் தேடிப்போய்க் கொத்துவது, மேலே ஏறி நின்று மண்டையின் பின்புறத்தைத் திரும்பத் திரும்பக் கொத்துவது, தோற்றது தலையை மூலைக்குள் புதைத்துக்கொண்டு அசையாமல் கிடப்பது, ரத்தம் தெரிவது ஆகியவை ஆபத்து. இவற்றில் எதைக் கண்டாலும் உடனே பிரித்து, அன்றைக்கு அதோடு முடித்துக்கொள்ளுங்கள். ரத்தம் என்றால் ஒரு துளிகூடப் பொறுக்கக்கூடாது. சிவப்பைக் கண்டால் கோழி கொத்தும். அதுவரை சண்டையில் அக்கறை காட்டாததுகூட வந்து சேர்ந்துகொள்ளும்.

முதல் நாள் அரைமணி நேரம் போதும். இருட்டுமுன் புதியதைத் தட்டிக்கு அப்பால் திருப்பிவிடுங்கள். அடுத்தடுத்த நாள் நேரத்தைக் கூட்டுங்கள். பகல் முழுவதும் ஒரு பெருஞ்சண்டையும் இல்லாமல் கழிந்த பிறகே இரவை யோசிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஒரே கூட்டில் இரவு

இருட்டியபின் புதிய கோழியைத் தூக்கிப்போய்க் கட்டையில் வைத்துவிட்டால் காலையில் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் இரவு அமைதியாகப் போகும். ஆனால் பொழுது விடிந்ததும் அந்நியர் அந்நியர்தான். அதுவும் ஓட வழியில்லாத மூடிய கூட்டுக்குள். முன்படிகள் எதுவும் இல்லாமல் இதை மட்டும் செய்தவர்கள் காலையில் கதவைத் திறந்து காயம்பட்ட கோழியைக் கண்டிருக்கிறார்கள். தட்டிக்கு அப்பால் வாரக்கணக்கில் பழகி, பகலில் சேர்ந்து மேய்ந்த பிறகு செய்தால் இது நல்ல உத்தி.

நன்றாக இருட்டியபின், வெளிச்சம் அடிக்காமல், பழைய கோழியிடமிருந்து சற்றுத் தள்ளிக் கட்டையில் உட்கார வையுங்கள். மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து, முதல் வெளிச்சத்தில் கூட்டின் கதவைத் திறந்துவிடுங்கள். முதல் சில நாட்களுக்கு இதில் சோம்பல் கூடாது. அதன்பின் மாலையில் புதியது தானாக ஏறாமல் வெளியிலேயே நின்றால், பழையது ஏறியபின் எடுத்து வைத்துவிடுங்கள். முட்டைப்பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்வதும் உண்டு. இடம் பிடிபட்டதும் பெரும்பாலும் மாறும்.

ஆறாம் படி: பின்தொடர்ந்து பார்த்தல்

கொத்துக்காயம் கண்ணுக்குத் தெரியும். பட்டினி தெரியாது. புதிய கோழி அமைதியாக ஓரத்தில் நிற்பதைப் பார்த்து எல்லாம் அடங்கிவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அது இரண்டு நாளாகத் தீனித் தட்டை நெருங்கியே இருக்காது. ஆகவே தினமும் அடைந்தபின் அதன் தீனிப்பையை, விழுங்கிய தீனி முதலில் தங்கும் பையை, தடவிப் பாருங்கள். கழுத்தின் அடியில், நெஞ்சின் வலப்புறமாக இருக்கும். இரவில் புடைத்து நிறைந்திருக்க வேண்டும், காலையில் வற்றியிருக்க வேண்டும். இரவிலேயே காலியாக இருந்தால் அதற்குத் தனியாகத் தீனி வையுங்கள், தட்டுகளை இன்னும் தள்ளி வையுங்கள். வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதி வைப்பதும் நல்லது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அலட்சியம் வேண்டாம். கொண்டை வெளிறிப்போவதும் ஓர் அறிகுறி.

முட்டை நின்றுபோகும். புதியது சில வாரங்களுக்கு இடாமல் இருக்கும். பழையதும் சில நாள் நிறுத்திக்கொள்ளலாம். இடம் மாறியதாலும் பதற்றத்தாலும் வருவது இது. தின்று, கிளறி, சுறுசுறுப்பாக இருந்தால் மருந்து எதுவும் வேண்டாம்.

வரிசை முடிவாவதற்கு ஒரு வாரம் போதும். ஆனால் இரண்டும் கட்டையில் ஒட்டி உட்கார்ந்து இறகு கோதிக்கொள்ள மாதங்கள் ஆகலாம்; சில கோழிகள் கடைசிவரை ஒரு கை தூரத்திலேயே இருக்கும். அதில் தவறொன்றும் இல்லை. மாமியார் மருமகள் போல ஒரே வீட்டில் தனித்தனி மூலை பிடித்துக்கொண்டு நிம்மதியாக வாழும் கோழிகள் நிறைய உண்டு.

சரிவராதபோது

வாரம் இரண்டாகியும் பழைய கோழி அடங்கவில்லை என்றால், அடிபடுவதைப் பிரிக்காமல் அடிப்பதைப் பிரியுங்கள். பழைய கோழியை மூன்று நான்கு நாள் தட்டிக்கு அப்பால் வைத்து, முழு இடத்தையும் புதியதற்கு விட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது வந்தேறி யார் என்பது மாறியிருக்கும். பலமுறை இது ஒன்றே போதுமானதாக இருக்கும். போதாவிட்டால் மூக்கின் மேல் மாட்டும் சிறு பிளாஸ்டிக் கண்மறைப்பு கிடைக்கிறது. நேர்முன்னால் பார்த்துக் குறிவைப்பதைத் தடுக்கும், பக்கவாட்டில் தெரியும். மூக்குத் தசையைத் துளைக்கும் ஊசி வைத்த வகையைத் தொடாதீர்கள். அலகை வெட்டுவது கூடவே கூடாது; அலகின் நுனியில் நரம்பு இருக்கிறது, அது நகம் வெட்டுவது போன்றதல்ல.

காயம் பட்டதைச் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கொண்டை மேலோட்டமாகக் கிழிந்தாலே நிறைய ரத்தம் வரும். ரத்தம் நின்றதும் உப்புநீரால் கழுவி, நீர்த்த போவிடோன் அயோடின் தடவுங்கள். ஆழமான காயம், கண்ணில் அடி, தலை தொங்குதல் என்றால் மருத்துவர்தான். ஆறும்வரை தனியே வைக்கும்போது வலைக்கு அப்பால், மற்றது பார்க்கும் இடத்திலேயே வையுங்கள். வீட்டுக்குள் மறைத்து வைத்துக் குணப்படுத்தினால் உடம்பு தேறிவிடும், முகம் மறந்துபோய்விடும்.

மிக அரிதாக, எதற்கும் மசியாத பெட்டை ஒன்று இருக்கும். அதற்குத் தனிக்கூடும் வலைக்கு அப்பால் ஓர் அண்டைக்கோழியும் போதும். பார்த்துக்கொண்டிருக்க ஒரு துணை இருப்பதே தனிமைக்குப் பாதி மருந்து. கட்டாயமாக ஒரே கூட்டில் அடைத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் பொருளில்லை.

சில தனி நிலைமைகள்

வீட்டில் சேவல் இருந்தால் வேலை சற்று எளிது. சேவல் புதிய பெட்டையைப் பெரும்பாலும் வரவேற்கும். பெட்டைகளின் சண்டையை நடுவே புகுந்து கலைப்பதும் உண்டு. ஆனால் இணைசேர அடிக்கடி ஏறி மிதித்து முதுகு இறகு போய்விடாமல் பார்க்க வேண்டும். முட்டையிடத் தயாராகாத விடைக்கோழியைச் சேவலோடு விடாதீர்கள்.

பழைய பெட்டை உறுதியாக அடை பிடித்து மூன்று வாரம் உட்கார்ந்திருந்தால், வளர்ந்த கோழிக்குப் பதிலாகப் பிறந்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகளை இரவில் அதன் வயிற்றுக்கு அடியில் வைத்துவிடலாம். ஏற்றுக்கொண்டால் இத்தனை படிகளும் தேவையில்லை. தாயே வளர்த்துக் கூட்டத்தில் சேர்த்துவிடும். ஏற்றுக்கொள்கிறதா என்பதை மறுநாள் விடியலில் அருகிலிருந்து பார்க்க வேண்டும். அடை பிடிக்காத பெட்டையிடம் குஞ்சை விட்டால் கொத்திக் கொன்றுவிடக்கூடும்.

எல்லாம் முடிந்தபின் இரண்டாவது தீனித் தட்டை எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். அதனால் ஒரு செலவும் இல்லை. மழை நாளில் கோழிகள் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்போது அதன் அருமை தெரியும். கம்பிவலைத் தட்டியையும் பிரித்துப்போடாமல் மடித்து வையுங்கள். ஒன்று நோயில் விழுந்து சில வாரம் பிரிந்திருக்க நேர்ந்தால், திரும்பி வரும்போது மூன்றாம் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.